ஆக்குவதா, வாங்குவதா?



"அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் வீட்டிலேதான் செய்தோம். இந்தக் காலத்துப் பெண்களுக்கு எல்லாம் பைக்கட்டில் வேண்டும்." இப்படிச் சொல்பவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். வீடு வீடாகப் போகும் என் வேலையில் இந்தப் பேச்சைக் கேட்காத வாரம் இல்லை. சொல்பவர் ஒரு மாமியாராக இருக்கலாம், அயல் வீட்டுக்காரராக இருக்கலாம், சில வேளை கூட்டத்துக்கு வந்து உரையாற்றும் உத்தியோகத்தராகவும் இருக்கலாம். கேட்டுக்கொண்டிருக்கும் பெண் ஒன்றும் பேசாமல் நிலத்தைப் பார்ப்பார். விடிய நாலு மணிக்கு எழும்பி, கூலி வேலைக்குப் போய், பின்னேரம் வந்து, கிழமைக் கடன் கட்டி, பிள்ளையின் பாடத்தையும் பார்க்கிற பெண் அவர். கடையில் ஒரு பைக்கட் மா வாங்கியதற்காக அவர் தலை குனிய வேண்டுமா?

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது எங்களுக்குச் சொல்லித்தந்த எளிய பாடம் ஒன்று உண்டு. ஒரு வேலை நடந்தது என்று யாராவது சொன்னால், அதை யார் செய்தார்கள், எத்தனை பேர் செய்தார்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை அடுப்படியில் கேட்டுப் பார்ப்போம்.

எங்கள் வீட்டில் அம்மம்மா இருந்த காலத்தில் அரிசி இடிப்பது ஒரு ஆளின் வேலை அல்ல. பெரியம்மாவும் அம்மாவும் மாறி மாறி உலக்கை போட, சித்தி மாவை அரிப்பார். அம்மம்மா அடுப்படியில் இருந்து வறுப்பார். சிறுபிள்ளைகள் சுளகையும் பெட்டியையும் எடுத்துக் கொடுப்பார்கள். ஐந்து பேரின் கைகள் சேர்ந்த வேலை அது. இடப்பெயர்வுகள் அந்தக் கைகளைப் பிரித்துவிட்டன. ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் கடல் கடந்து போனார், ஒருவர் வேறு மாவட்டத்தில் மீள்குடியேறினார். இன்று பல வீடுகளில் வளர்ந்த பெண் ஒருவரே இருக்கிறார். முன்பு ஐந்து பேர் செய்ததை அவர் தனியே செய்யவில்லை என்று குறை சொல்வது எந்த நியாயம்?

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஆயத்தமாக உணவை வைத்திருந்து அவசரத்துக்கு எடுப்பது நேற்று வந்த பழக்கமல்ல. புழுக்கொடியல், ஒடியல் மா, பனாட்டு, கருவாடு, மோர்மிளகாய், வடகம், எலுமிச்சங்காய் ஊறுகாய் எல்லாம் என்ன? நேரம் இருக்கும் நாளில் செய்து, நேரம் இல்லாத நாளுக்காக எடுத்து வைத்தவை. மழைக்காலத்தில் சந்தைக்குப் போக முடியாத வீட்டுக்கு ஒரு பை ஒடியல் மாவும் ஒரு துண்டு கருவாடும் கூழாகின. ஆகவே ஆயத்த உணவு கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எதை வாங்கினால் எங்களுக்கு நன்மை, எதை வாங்கினால் கடைக்காரருக்கும் கம்பனிக்கும் மட்டும் நன்மை என்று பிரித்துப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

ஐந்து கேள்விகள்

ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் பெண்களோடு சேர்ந்து பெரிய தாளில் இந்தக் கணக்கைப் போட்டோம். எந்தப் பொருளுக்கும் ஐந்து கேள்விகளைக் கேட்பது என்று முடிவெடுத்தோம். காசு எவ்வளவு? நேரம் எவ்வளவு? விறகு அல்லது காஸ் எவ்வளவு? உடம்புக்கு எவ்வளவு வருத்தம்? பிள்ளையின் வயிற்றுக்கு என்ன போகிறது?

முதலாவது கேள்வியை எல்லோரும் கேட்கிறோம். மற்ற நாலையும் விட்டுவிடுகிறோம். விறகு இலவசம் என்று நினைக்கிறோம். பற்றைக்குள் போய் விறகு பொறுக்கி, தலையில் சுமந்து வரும் இரண்டு மணித்தியாலத்துக்கும் விலை இருக்கிறது. கண்ணிவெடி அகற்றும் வேலை முற்றாக முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் உள்ளன. யானை வரும் கிராமங்களும் உள்ளன. காஸ் பாவிப்பவர்களுக்கு 2022 மறக்காது. 2021 செப்டெம்பரில் 1,500 ரூபாவுக்கும் குறைவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரிலில் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் நின்றோம். ஆகவே நீண்ட நேரம் வேக வேண்டிய எந்த உணவுக்கும் எரிபொருளைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

அரிசி மாவும் இடியப்பமும்

அரிசியை ஊறவிட்டு, வடித்து, இடித்து அல்லது மில்லில் திரித்து, அரித்து, வறுத்து எடுக்க அரை நாள் போகும். ஒரு கிலோவுக்கும் அரை நாள்தான், ஐந்து கிலோவுக்கும் ஏறக்குறைய அரை நாள்தான். ஆகவே ஒரு கிலோ மாவுக்காக அடுப்பு மூட்டுவது நட்டம். மில் கிட்ட இருந்தால் மூன்று வீட்டார் சேர்ந்து மாதத்துக்கு ஒரு முறை செய்வது இலாபம். நன்றாக வறுத்து, ஆறவிட்டு, ஈரமில்லாத மூடிய பாத்திரத்தில் வைத்தால் மா பழுதாகாது. மில் தூரம், கூட்டுச் சேர ஆளும் இல்லை என்றால் கடை மாவை வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்கும்போது திகதியைப் பாருங்கள், வண்டு இருக்கிறதா, கட்டி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

அவித்த இடியப்பத்தையே வாங்குவதைப் பற்றியும் கேட்டார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தங்கை ஒருவர் விடிய ஐந்து மணிக்கு பஸ் ஏற வேண்டும். அவர் பக்கத்து வீட்டில் இடியப்பம் அவித்து விற்கும் அக்காவிடம் காலைக்கும் மதியத்துக்கும் வாங்குகிறார். சொதியையும் சம்பலையும் தான் செய்கிறார். "அரை மணித்தியாலம் கூட நித்திரை கொள்ளுறன் மிஸ். இல்லாட்டி மெசினில தலை ஆடும்" என்றார். விற்பவரோ கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். ஒரே நேரத்தில் பல வீடுகளுக்கு அவிப்பதால் அவருக்கு விறகும் மிச்சம். வாங்குபவருக்கும் நன்மை, விற்பவருக்கும் நன்மை. கொடுத்த காசு எங்கள் ஊருக்குள்ளேயே நிற்கிறது.

மிளகாய்த்தூளும் இப்படித்தான். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் வாங்கி, தனித்தனியே வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோக எல்லோராலும் முடியாது. எங்கள் கிராமங்களில் பல பெண்கள் தூள் இடித்து விற்கிறார்கள். நல்ல நிறத்துக்காகச் சாயம் சேர்க்காத, கையால் தெரிவு செய்த தூளை உங்களுக்குத் தெரிந்த பெண்ணிடம் வாங்க முடியுமானால் அது முதல் தரம். வடக்கில் அம்மாச்சி உணவகங்களில் பெண்கள் எங்கள் ஊர்ச் சாப்பாடுகளைச் சமைத்து விற்று உழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் வாங்கினால்தானே மற்றப் பெண் விற்கலாம்?

தேங்காயும் தேங்காய்ப்பால் மாவும்

எங்கள் கூட்டத்தில் கூடுதலாக வாதாடிய விடயம் இதுதான். ஷெல் விழுந்து வட்டு முறிந்த தென்னைகள் நின்ற வளவுகளில் புதிதாக வைத்த கன்றுகள் சில இடங்களில் காய்க்கின்றன, சில இடங்களில் இன்னும் இல்லை. 2024 இன் இறுதியிலும் 2025 இலும் தேங்காய் விலை ஏறி, ஒரு காய் 200 ரூபா அளவுக்கும் போனது. அப்போது பலர் தேங்காய்ப்பால் மாவுக்கு மாறினார்கள்.

கணக்குப் பார்த்தால், புட்டுக்கும் சம்பலுக்கும் தேங்காய்ப்பூ கட்டாயம் வேண்டும். அதற்குப் பைக்கட் உதவாது. வளவில் தென்னை நிற்கும் வீட்டுக்கும் பைக்கட் தேவையில்லை. ஆனால் ஒரு நேரம் சொதிக்கு மட்டும் பால் தேவைப்படுகிறது, முழுத் தேங்காயை உடைத்தால் பாதி பழுதாகிவிடும், குளிர்சாதனப் பெட்டியும் இல்லை என்றால் இரண்டு கரண்டி மாவைக் கரைப்பது சிக்கனம். இந்த மாவு வகைகள் பலவற்றில் பாற்புரதமும் சேர்க்கப்படுகிறது. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் பைக்கட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலது கை முழங்கைக்குக் கீழே இல்லாத ஓர் அக்கா அந்தக் கூட்டத்தில் இருந்தார். பல வருடங்களாகத் திருவலையில் தேங்காயை இடது கையால் அழுத்திப் பிடித்துத் திருவி, கையெல்லாம் காயம். அவர் சொன்னார்: "மாமி சொல்லுறா, பைக்கட் பாலில சொதி வைக்கிற வீட்டில லட்சுமி தங்காதாம். ஒற்றைக் கையால தேங்காய் பிடிக்கிறவளுக்கு லட்சுமி வேற வழியால வரட்டும் எண்டு விட்டிட்டன்." எல்லோரும் சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நாலாவது கேள்வி, உடம்புக்கு எவ்வளவு வருத்தம் என்ற கேள்வி, ஏன் முக்கியம் என்று அதற்குப் பிறகு நான் விளக்கத் தேவையிருக்கவில்லை. உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்பவர்கள், குனிந்து நிமிர முடியாதவர்கள், முதுகு வலியோடு இருப்பவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! மற்ற வீட்டுக்குச் செலவாகத் தெரிவது அவர்கள் வீட்டுக்கு மருந்து.

புரதம் எங்கே கிடைக்கும்?

ஆயத்த உணவுகளில் வாங்கத் தகுந்தவை என்று நான் முதலில் சொல்பவை மூன்று: பருப்பு, சோயாமீற், ரின்மீன்.

மைசூர்ப் பருப்பை ஆயத்த உணவு என்று யாரும் நினைப்பதில்லை. ஊறவிடத் தேவையில்லை, இருபது நிமிடத்துக்குள் அவியும். அவசரத்துக்கு இதைவிட நல்லது குறைவு. ஒரு பிடி முருங்கையிலையை இறக்கும் நேரத்தில் போட்டால் காசில்லாமல் இன்னொரு கறி. கடலையும் பயறும் விறகு கூடத் தின்னும், ஆனால் இரவே ஊறவிட்டால் பாதி நேரம் குறையும்.

சோயாமீற் என்பது எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது. காய்ந்த நிலையில் அதன் எடையில் ஏறக்குறைய பாதி புரதம். 90 கிராம் பைக்கட்டில் 40 கிராமுக்கு மேல் புரதம் இருக்கும். ஒரு முட்டையில் இருப்பது ஏறக்குறைய 6 கிராம்தான். மீனும் இறைச்சியும் வாங்க முடியாத கிழமையில் இது பெரிய உதவி. சுடுநீரில் ஊறவிட்டு, இரண்டு முறை பிழிந்து, உங்கள் வீட்டுத் தூளில் சமையுங்கள். பைக்கட்டுக்குள் இருக்கும் சுவைத்தூளில் உப்பு அதிகம். அதைப் பாதி போடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

ரின்மீனை வாங்குவதா என்பது நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர் கடலுக்குப் போய் வந்த சூடையையும் சாளையையும் விட்டு ரின் வாங்குவது வீண் செலவு. நெடுங்கேணிப் பக்கம் உள்ளே இருப்பவருக்கு மீன் வியாபாரி வராத நாளில் ஒரு ரின் கைகொடுக்கும். 425 கிராம் என்று எழுதியிருந்தால் அது சாற்றோடு சேர்த்த எடை. வடித்த எடை எவ்வளவு என்பதையும் பாருங்கள். முள் மெத்தென்று இருக்கும், அதை எறியாமல் மசித்துக் கொடுத்தால் பிள்ளைக்குக் கல்சியம். நசுங்கிய, ஊதிய, துருப்பிடித்த ரின்னை விலை குறைவென்றாலும் வாங்க வேண்டாம்.

எதைக் குறைக்கலாம்?

நூடில்ஸைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்தில் வேகும், பிள்ளைகளும் விரும்பும். மாதத்தில் ஒரு நாள், உங்களுக்குக் காய்ச்சல் என்றோ கச்சேரிக்குப் போய் இருட்டி வந்தீர்கள் என்றோ கொடுத்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அதன் தூளில் உப்பு மிக அதிகம். வளர்ந்த ஒருவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பைக்கட்டில் "சோடியம்" என்று இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒரு பைக்கட்டில் 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு, அதாவது நாளில் பாதி. தூளைப் பாதி போட்டு, ஒரு முட்டையையும் ஒரு பிடி கீரையையும் சேர்த்தால் அது ஓரளவு சாப்பாடாகும். தினமும் கொடுப்பது மட்டும் வேண்டாம்.

பிஸ்கட், நிறப்பானம், பால் சேர்ந்தது போல விளம்பரம் செய்யும் இனிப்புப் பொருட்கள் ஆகியவற்றில் காசு போவது கண்ணுக்குத் தெரியாது. நாளுக்கு 50, 100 என்று போகும். இலங்கையில் 2016 ஆம் ஆண்டு முதல் குளிர்பானங்களிலும், பின்னர் மற்ற ஆயத்த உணவுகளிலும் நிறக்குறி போடும் விதி வந்தது. சிவப்பு என்றால் அதிகம், செம்மஞ்சள் என்றால் நடுத்தரம், பச்சை என்றால் குறைவு. எழுத்து வாசிக்கக் கஷ்டப்படுபவருக்கும் நிறம் தெரியும். கடையில் பைக்கட்டைத் திருப்பிப் பார்க்கப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். அவர்களே "அம்மா, இது சிவப்பு" என்பார்கள்.

பால்மாவில் எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தரும் விடயம் ஒன்று. பசு வளர்க்கும் வீடு, காலையில் கறந்த பால் முழுவதும் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, அந்தக் காசில் கடையிலிருந்து பால்மா வருகிறது. கிழமைக் கடன் கட்ட வேண்டிய பெண்ணுக்குக் கையில் காசு தேவை என்பதை நான் அறிவேன். ஆனாலும் ஊற்றப் போகும் முன் அரைப் போத்தலைப் பிள்ளைகளுக்கென்று எடுத்து வையுங்கள். கொதிக்க வைத்துக் கொடுங்கள். 2021, 2022 இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றபோது முற்றத்தில் பசு கட்டியிருந்த வீடுகளும் அந்த வரிசையில் இருந்தன. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கோ தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. சத்துப்பானம், ரின்பால் எதுவும் அந்த வயதுக்குரியவை அல்ல.

காசு கொடுக்காமல் கிடைக்கும் ஆயத்த உணவு ஒன்றும் உண்டு. கிளினிக்கில் மருத்துவமாது தரும் திரிபோஷா. சோளம், சோயா, பால்மா, விற்றமின்கள் சேர்ந்தது. அது கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் உரியது. வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துப் பகிர்ந்தால், ஒருவருக்கு நாளுக்கு 50 கிராம் என்று கணக்கிட்ட 750 கிராம் பைக்கட் பதினைந்து நாளுக்குப் பதில் மூன்று நாளில் முடியும். மெலிந்தவர் மெலிந்தபடியே இருப்பார். மற்றவர்களுக்கு உழுத்தம்மாவோ குரக்கன் மாவோ எள்ளுருண்டையோ செய்து வைக்கலாம். குரக்கனைத் திரித்து வாங்குவதில் பிழையில்லை, கல்லும் மண்ணும் நீக்கித் திரிப்பது பெரிய வேலை.

பாணும் கோதுமை மாவும் எங்கள் வாழ்வில் எப்படி இவ்வளவு இடம் பிடித்தன என்பது உங்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்த காலங்களிலும், 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலும் நிவாரணமாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். கோதுமை மாவில் ரொட்டி சுட்டு உயிர் பிழைத்தோம். அந்த மாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முகாம் 2012 இல் மூடப்பட்டது. அங்கு ஏற்பட்ட பழக்கம் மட்டும் எங்களோடு வந்துவிட்டது. காலையும் இரவும் கோதுமை என்றிருக்கும் வீட்டில் ஒரு நேரத்தையாவது அரிசிக்கோ குரக்கனுக்கோ மாற்றலாம்.

சின்னப் பைக்கட்டும் கடன் கொப்பியும்

கடைசியாக ஒன்று. ஒரே பொருளைச் சின்னப் பைக்கட்டில் வாங்கும்போது கிராமுக்குக் கொடுக்கும் விலை கூடுதல். நாளாந்தக் கூலியில் வாழ்பவர் நாளாந்தம்தான் வாங்குவார், ஆகவே காசு குறைந்தவரே கூடுதல் விலை கொடுக்கிறார். கடைக் கொப்பியில் எழுதி வாங்கினால் விலை கேட்கவும் கூச்சம் வரும். இதற்கு எங்கள் பெண்கள் கண்ட வழி, எட்டு வீட்டார் சேர்ந்து மாதத் தொடக்கத்தில் பருப்பு, சோயாமீற், அரிசி மா ஆகியவற்றைப் பெரிய அளவில் வாங்கிப் பிரித்துக் கொள்வது. தராசு ஒருவர் வீட்டில், கணக்குக் கொப்பி இன்னொருவர் வீட்டில். இது பெரிய திட்டம் அல்ல. யாரும் நிதி தரத் தேவையில்லை. பைக்கட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது குற்றம் என்பதையும், நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சகோதரிகளே, ஒவ்வொரு வீட்டின் கணக்கும் வேறு. வயது போன தாய் துணையாக இருக்கும் வீட்டுக்கு இடித்த மா இலாபம், தனியே இருப்பவருக்குக் கடை மா இலாபம். நீங்களே ஐந்து கேள்விகளையும் கேட்டு முடிவெடுங்கள். அந்த முடிவுக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. மிச்சம் பிடித்த நேரத்தை இன்னொரு வேலையால் நிரப்பாமல், கொஞ்ச நேரமாவது பிள்ளையோடு முற்றத்தில் இருங்கள். அசதியாக இருந்தால் படுத்து நித்திரை கொள்ளுங்கள். அந்த நேரம் உங்களுடையது.